‘கோளாறு இல்லை’ என்று போட்ட மூன்று கையெழுத்து

பழைய கார்களைப் பழுது பார்க்கும் இந்தப் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். உங்களுக்காக இக்னிஷன் கோளாறுகளைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் முதலாளி கேட்டார். பாயிண்ட் இடைவெளி எவ்வளவு, பிளக் இடைவெளி எவ்வளவு என்பதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது. அதை நான் மறுபடி எழுதினால் உங்களுக்கும் தூக்கம் வரும், எனக்கும் வரும். அதனால் நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். புத்தகத்தில் அது கிடைக்காது.

டெல்லியில் ஓர் அரசுத் துறையின் கார் கராஜில் இருபத்தொன்பது வருஷம் வேலை பார்த்தேன். எலக்ட்ரிகல் பிரிவுக்கு நான்தான் சார்ஜ்மேன். பேட்டரி, டைனமோ, காயில், டிஸ்ட்ரிபியூட்டர், ஹாரன் வரைக்கும் எது கெட்டாலும் என் மேஜைக்கு வரும். என் கையெழுத்து இல்லாமல் வண்டி கேட்டைத் தாண்டாது. அப்படி எத்தனையோ கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. மூன்று மட்டும் இருக்கிறது. மூன்றும் ஒரே வண்டிக்கு, ஒரே மாதத்தில் போட்டவை. மூன்றிலும் ஒரே வாசகம்தான், கோளாறு இல்லை. ஒரு மனிதனை வேலையை விட்டு அனுப்ப அந்த மூன்றும் ஏறக்குறையப் போதுமானதாக இருந்தது.

அந்த மனிதன் முனுசாமி. ஆரணிப் பக்கத்துக்காரர். ராணுவத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்து எங்கள் துறையில் தற்காலிக டிரைவராகச் சேர்ந்தவர். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருப்பார். காக்கிச் சட்டையின் மடிப்பு கலைந்து நான் பார்த்ததில்லை. அவரிடம் கொடுத்திருந்த கறுப்பு அம்பாசடரையும் அதே மாதிரிதான் வைத்திருந்தார். முனிர்காவில் ஒரே அறையில் மனைவி, இரண்டு பெண் குழந்தைகளோடு குடியிருந்தார். நான்கு வருஷமாகத் தற்காலிகம். நிரந்தரம் செய்யும் ஃபைல் அந்த வருஷம்தான் முதன்முதலாக நகர ஆரம்பித்திருந்தது. தற்காலிக ஆளை ஒரு மாத நோட்டீஸில் வீட்டுக்கு அனுப்பலாம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. கராஜில் தமிழர்கள் நாங்கள் இரண்டே பேர். இதை நீங்கள் புரிந்துகொண்டால்தான் மற்றது புரியும். நான் சேர்ந்த புதிதில் வேறொரு தமிழ் டிரைவருக்கு ஒரு புது பேட்டரி கொடுத்தேன். உண்மையிலேயே அந்த வண்டிக்குத் தேவைப்பட்டது. ஆனாலும் ஒரு வாரம் முழுக்க டீக்கடையில், “மதராசி மதராசிக்குத்தான் செய்வான்” என்று என் காதுபடப் பேசினார்கள். எனக்கு ரோஷம் அதிகம். அன்றிலிருந்து கராஜுக்குள் தமிழ் பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். முனுசாமி வந்து “வணக்கம் சார்” என்றால் நான் இந்தியில் “ஹாம், போலோ”, என்ன சொல்லு, என்பேன். அவருக்குத் தெரிந்த இந்தி ராணுவ இந்தி. எனக்குத் தெரிந்தது ஆர்.கே.புரம் காய்கறிக்காரனிடம் கற்ற இந்தி. இரண்டு தமிழர்கள் உட்கார்ந்து அரைகுறை இந்தியில் கார்பரேட்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. அப்போது அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் மாத முதல் வாரத்தில் முனுசாமி புகார் ரிஜிஸ்டரில் எழுதினார். வண்டி சில நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது, செல்ஃப் அடித்தால் இஞ்சின் சுற்றுகிறது, பிடிப்பதில்லை, அரைமணி கழித்துத் தானாகக் கிளம்புகிறது. அவ்வளவுதான். எங்கே நின்றது, அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒரு வரியும் இல்லை.

காலை ஒன்பது மணிக்கு வண்டியை விட்டுவிட்டு டிரைவர் வெளியே மரத்தடியில் உட்கார வேண்டும். சோதனை முடிந்து சீட்டு வாங்க என் மேஜைக்கு வரலாம், அதற்கு முன் உள்ளே வரக் கூடாது. எங்கள் கராஜின் வழக்கம் அது. டிரைவர்கள் பக்கத்தில் நின்றால் நல்ல பாகத்தைக் கழற்றிவிடுவோம் என்று பயந்துகொண்டே நிற்பார்கள், வேலை ஓடாது. நாங்களும் டிரைவர்களை நம்புவதில்லை. ஆகவே வண்டியை மட்டும் பார்ப்போம். பாயிண்டைப் பார்த்தேன், சுத்தம். கண்டென்சரைப் பார்த்தேன், சரி. பெட்ரோலைப் பற்றவைக்கும் காயில் நல்ல நீலப் பொறி கொடுத்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் விரிசல் இல்லை. கராஜைச் சுற்றி இரண்டு சுற்று ஓட்டினோம், தண்ணீர் மாதிரி ஓடியது. கோளாறு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பத்து நிமிஷ வேலை.

அடுத்த வாரம் மறுபடி வந்தது. ஜூன் வெயிலில் டெல்லியில் பெட்ரோல் குழாய் சூடேறி, உள்ளே பெட்ரோல் ஆவியாகி வண்டி நிற்பது சகஜம். எல்லா டிரைவர்களும் ஒரு ஈரத்துணி வைத்திருப்பார்கள், பெட்ரோல் பம்ப்பின் மேல் போடுவார்கள், கொஞ்ச நேரத்தில் கிளம்பும். ராணுவத்தில் ஓட்டியவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று என் உதவியாளிடம் கேலி செய்தேன். ஈரத்துணி போட்டும் பயனில்லை என்று முனுசாமி ரிஜிஸ்டரில் எழுதியிருந்தார். நான் அந்த வரியைச் சரியாகப் படிக்கவில்லை. இரண்டாவது கையெழுத்து.

மூன்றாவது முறை வண்டி நின்றபோது விஷயம் மேலே போய்விட்டது. அந்த வண்டியில் போகும் பெரிய அதிகாரி, எல்லோரும் ‘சாப்’ என்று கூப்பிடுவோம், டாக்ஸி பிடித்து வீட்டுக்குப் போயிருக்கிறார். மறுநாள் இந்த டிரைவர் வேண்டாம் என்று போக்குவரத்து அதிகாரிக்கு ஃபோன் செய்தார். வண்டி உடனே என்னிடம் வந்தது. காலை ஒன்பது மணி. குளிர்ந்த இஞ்சின். நீலப் பொறி. கோளாறு இல்லை.

எங்கள் போக்குவரத்து அதிகாரி ஒரு பஞ்சாபிக்காரர். கெட்ட மனிதர் இல்லை, கணக்குப் போட்டுப் பார்ப்பவர். கராஜ் மூன்று முறை கோளாறு இல்லை என்கிறது, அப்படியானால் பெட்ரோல் இல்லாமல்தான் வண்டி நின்றிருக்க வேண்டும், ரொப்பிய பெட்ரோல் எங்கே போனது என்று கேட்டார். டிரைவர்கள் பெட்ரோல் விற்பது அந்தக் காலத்தில் இல்லாத விஷயம் இல்லை. போதாக்குறைக்கு ஒரு பியூன் பார்த்திருக்கிறான். ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கத்தில் வண்டி நிற்கிறது, முனுசாமி கையில் ஒரு பையோடு வருகிறார், பைக்கு வெளியே ஒரு முழ நீளத்துக்கு முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆபீசிலிருந்து சாப் வீட்டுக்குப் போகும் வழியில் ஐ.என்.ஏ. மார்க்கெட் வராது. அங்கே ஏன் போனாய் என்று கேட்டதற்கு முனுசாமி வாயைத் திறக்கவில்லை. முருங்கைக்காய் வாங்கியதை மட்டும் ஒப்புக்கொண்டார். வண்டி நின்றுவிட்டது, அரைமணி நேரம் வெயிலில் சும்மா நிற்பானேன் என்று வாங்கினேன் என்றாராம்.

சனிக்கிழமை போக்குவரத்து அதிகாரி என்னைக் கூப்பிட்டார். திங்கள் மாலை ஐந்து மணிக்குள் கடைசி அறிக்கை வேண்டும், அதையும் ஃபைலில் வைத்து முனுசாமிக்கு நோட்டீஸ் கொடுத்துவிடுவேன் என்றார். நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். உள்ளுக்குள் வருத்தம் இருந்தது. ஆனால் நம் ஆள் என்பதற்காக நான் சாயவில்லை என்ற கர்வமும் இருந்தது. இதை மறைத்து எழுதினால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து சாப்பிட்ட பிறகு இதை எஸ்தரிடம் சொன்னேன். எஸ்தர் என் மனைவி. ஆஸ்பத்திரியில் காய்ச்சல் வார்டில் நர்ஸ். அந்த வருஷங்களில் டெல்லியில் மலேரியா தலைவிரித்து ஆடியது, அவளுக்கு வார்டில் உட்கார நேரம் இருக்காது. மறுநாள் டியூட்டிக்கு வெள்ளைப் புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டாள். நான் முனுசாமியின் திருட்டுத்தனத்தையும் என் நேர்மையையும் கொஞ்சம் கூட்டியே சொன்னேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“வண்டி எப்பம் நிக்கிதுன்னு அவரு சொல்லுதாரு?”

“சாயங்காலம்.”

“நீங்க எப்பம் பாத்திய?”

“காலைல ஒம்பது மணிக்கு.”

“காய்ச்சல் விட்ட பொறவு ரத்தத்த எடுத்துட்டு, மலேரியா இல்லன்னு எழுதிக் குடுத்திருக்கீய. எங்க வார்டுல இப்படிச் செய்தா டாக்டர் என்னத்தச் சொல்லுவாரு தெரியுமா?”

எனக்குச் சுருக்கென்றது. காரும் காய்ச்சலும் ஒன்றா, உனக்கு என்ன தெரியும் என்று கத்தினேன். அவள் பதில் சொல்லாமல் புடவையை மடித்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பதில் சொல்லியிருந்தால் சண்டை போட்டு மறந்திருப்பேன். சாயங்காலம் வரை அந்த வார்த்தை உறுத்திக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை காலை நான் வண்டியைத் தொடவில்லை. பன்னிரண்டு மணிக்கு, வெயில் உச்சிக்கு வந்த பிறகு, மூன்று மணி வரைக்கும் ட்ரையலுக்கு கேட் பாஸ் போட்டுக்கொண்டு முனுசாமியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். டிரைவரை வைத்துக்கொண்டு நான் ஒரு வண்டியைச் சோதித்தது அதுதான் முதல் தடவை. கேட்டில் நின்றவர்கள் பார்த்த பார்வை என் முதுகில் பட்டது.

முக்கால் மணி நேரம் ஓட்டினோம். ஆர்.கே.புரம், முனிர்கா, மறுபடி ரிங் ரோடு. அனல் காற்று முகத்தில் அறைந்தது. வண்டி ஒரு இருமல்கூட இருமவில்லை. முனுசாமியின் முகம் சுண்டிக்கொண்டே வந்தது. நிற்க வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டு ஓட்டுகிறார் என்பது எனக்குப் புரிந்தது. தன் வண்டி நிற்க வேண்டும் என்று ஒரு டிரைவர் வேண்டிக்கொள்வதை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை. அப்போதுதான் எனக்கு வாயில் தமிழ் வந்தது.

“நின்ன அன்னைக்கு என்ன செய்தீங்களோ, அத அப்படியே செய்யுங்க. ஒண்ணும் விடாதீங்க.”

அவர் வண்டியை ஓரம் கட்டினார். 

“எழுத மாட்டேன்னு சொல்லுங்க சார், சொல்றேன்.”

எழுத மாட்டேன் என்றேன்.

“சாயங்காலத்துல சாப் வூட்டம்மாவும் கூட வருவாங்க சார். ஐ.என்.ஏ. மார்க்கெட்டாண்ட எறங்கி மீன் வாங்கப் போவாங்க. சாப் வண்டியிலயே குந்தினு இருப்பாரு. அம்மா வந்ததும் கெளம்புவோம். கொஞ்ச தூரம் போனதும் நின்னுடும். இத ரிஜிஸ்டர்ல எப்பிடி சார் எழுதறது? கவர்மெண்டு வண்டியில மீன் வாங்கப் போனோம்னா?”

எந்த வரி எனக்குத் தேவையோ அந்த வரியைத்தான் அவரால் எழுத முடியவில்லை. சாப்பும் சொல்லப் போவதில்லை. தன் வேலை போகிற நிலைமையிலும் அந்த மனிதர் சாப்பைக் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறார்.

மார்க்கெட்டுக்குப் போனோம். முனுசாமி வழக்கமான இடத்தில் நிறுத்தி இஞ்சினை அணைத்தார். நின்றால் இஞ்சினை அணைக்க வேண்டும் என்று பெட்ரோல் சிக்கனத்துக்காக எங்கள் துறையில் ஒரு சுற்றறிக்கை இருந்தது. பிறகு சாவியை மறுபடி பாதி திருப்பி, டேஷ்போர்டில் இருந்த சின்ன ஃபேனைப் போட்டார். முகத்தில் காற்று அடித்தது. சுகமாகத்தான் இருந்தது.

“ஃபேனுக்குத்தான் தனி சுவிட்ச் இருக்கே. சாவிய எதுக்குத் திருப்புதீங்க?”

“சாவி போடாம ஃபேன் ஓடாது சார். கனெக்‌ஷன் அப்பிடித்தான் குடுத்திருக்காங்க.”

“எந்த மடையன் குடுத்தான்?”

முனுசாமி தயங்கினார். “போன வருசம் நீங்கதான் சார் குடுத்தீங்க.”

ஆமாம், நான்தான். ஒன்பது வண்டிகளுக்கு அந்த ஃபேன்களை நான்தான் மாட்டினேன். நேராக பேட்டரியிலிருந்து கொடுத்தால் டிரைவர்கள் மத்தியானம் ஃபேனைப் போட்டுத் தூங்கி பேட்டரியைத் தீர்த்துவிடுவார்கள் என்று, சாவி போட்டால்தான் ஓடும்படி இக்னிஷன் வழியாகக் கொடுத்தேன். என்ன மூளை என்று அப்போது என்னையே மெச்சிக்கொண்டேன்.

சாவியைப் போட்டால் ஃபேனுக்கு மட்டும் கரண்ட் போகாது, காயிலுக்கும் போகும். இஞ்சின் ஓடும்போது அதனால் ஒன்றும் இல்லை. காயிலுக்குக் கரண்ட் விடும் பாயிண்ட் ஓயாமல் ஒட்டி விலகும், காயிலுக்கு நடுநடுவே ஓய்வு கிடைக்கும். இஞ்சின் நின்று, சாவி மட்டும் போட்டிருந்தால் அரைமணி நேரம் ஓய்வே இல்லாமல் கரண்ட் காயிலுக்குள் ஓடி, அது உள்ளுக்குள் வெந்துவிடும். கொஞ்ச நாளில் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி எங்காவது விட்டுப்போகும். சூட்டில் விலகும், ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். காலை ஒன்பது மணிக்கு நல்ல நீலப் பொறியும் கொடுக்கும்.

கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பரபரப்பு. இருபத்தைந்து நிமிஷம் ஃபேன் காற்றில் உட்கார்ந்தோம். முனுசாமி ஸ்டார்ட் செய்தார். வண்டி கிளம்பியது. ரிங் ரோட்டில் ஏறி, திரும்பி, மறுபடி மார்க்கெட்டுக்கே வந்து சேர்ந்தோம். வண்டி நிற்கவே இல்லை.

மணி ஒன்றே முக்கால். முனுசாமி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் புத்தி இரண்டு பக்கமும் இழுத்தது. இதெல்லாம் வேலைக்காகாது, திரும்பிப் போய் நான்காவது முறையும் எழுதிவிடு என்றது ஒரு பக்கம். நான் பானெட்டைத் திறந்து காயிலின் மேல் கை வைத்தேன். இஞ்சின் சூடுதான் அதில் இருந்தது, அதற்கு மேல் இல்லை. அரைமணி கரண்ட் ஓடிய காயில் அப்படி இருக்காது. அப்படியானால் கரண்ட் ஓடவே இல்லை.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். நினைத்தது நடக்கவில்லை என்றால் நினைத்ததே தப்பு என்று உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஏன் நடக்கவில்லை என்று ஒரு தடவை கேளுங்கள். நான் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினேன். பாயிண்டின் இரண்டு முனையும் விலகி நின்றது. முன்பு ஃபேன் போட்டு உட்கார்ந்தபோதும் இப்படித்தான் நின்றிருக்க வேண்டும். இஞ்சின் அணையும்போது அது எந்த நிலையில் நிற்கும் என்பது யார் கையிலும் இல்லை. விலகி நின்றால் காயிலுக்குக் கரண்ட் போகாது, அன்றைக்கு வண்டி நிற்காது. ஒட்டி நின்றால் காயில் வேகும், அன்றைக்கு நிற்கும். ‘சில நாள்’ என்று முனுசாமி எழுதினாரே, அந்தச் சில நாளின் ரகசியம் இதுதான். சில நாள் நிற்கும் வண்டியை ஓட்டுபவனைப் பொய்யன் என்று சொல்வது ரொம்பச் சுலபம்.

வண்டியை கியரில் போட்டு இரண்டு பேரும் ஓர் அடி தள்ளினோம். பாயிண்ட் ஒட்டியது. மூடியை மாட்டி, சாவியைப் போட்டு, ஃபேனைப் போட்டு மறுபடி உட்கார்ந்தோம். இந்தத் தடவை அரைமணி. வேறு வேலை இல்லாததால் பேசினோம். பெரிய பெண் ஆறாவது படிக்கிறாள், தமிழ் எழுத்துக் கூட்டத்தான் வருகிறது என்றார். ஊரில் இருக்கும் தன் அம்மாவுக்கு எழுதும் கடிதத்தில் அவளை ஒரு வரி எழுத வைப்பதற்குள் உயிர் போகிறதாம். நோட்டீஸ் வரப்போவது அவருக்குத் தெரியும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பினால் லாரிக்குத்தான் போகணும் என்றார். நான்கு வருஷமாக ஒரே கராஜில் இருந்தவர், இவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதுகூட எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

அரைமணி ஆனதும் கிளம்பினோம். மார்க்கெட்டைத் தாண்டி இரண்டாவது சிக்னல்கூட வரவில்லை, வண்டி ஒரு வெட்டு வெட்டி நின்றது. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டினான். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். நடுரோட்டில் வண்டி நின்று சிரித்தவர்கள் டெல்லியில் நாங்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன். பிளக் வயரைக் கழற்றிப் பிடித்து, முனுசாமியை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். பொறி இல்லை. காயிலைத் தொட்டேன். விரல் நுனி கொப்புளித்துவிட்டது. பெட்ரோல் பம்ப்பைத் தொடாமல், ஈரத்துணியைக் காயிலின் மேல் மட்டும் சுற்றினேன். ஆவி பறந்தது. பத்து நிமிஷத்தில் வண்டி கிளம்பியது.

மூன்று மணிக்கு முன்னால் கேட்டுக்குள் வந்துவிட்டோம். இனிமேல்தான் கஷ்டமான வேலை. அறிக்கை எழுத உட்கார்ந்தேன். காயில் பழுது, மாற்றப்பட்டது. இப்படி ஒரு வரி எழுதினால் முடிந்தது, என்னை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஆனால் இன்றைக்குப் பழுதான காயில், முன்பு நின்ற மூன்று நாளைக்குப் பதில் சொல்லாது. பெட்ரோல் எங்கே போனது என்ற கேள்வி ஃபைலில் அப்படியே இருக்கும். என் மூன்று கையெழுத்தும் பொய் என்று எழுதினால்தான் முனுசாமி மெய். வேறு வழி இல்லை.

எழுதினேன். ஃபேன் இணைப்பு தவறு, அதைக் கொடுத்தவன் நான், காத்திருக்கும் நேரங்களில் காயில் சூடேறிக் கெட்டிருக்கிறது, முந்தைய மூன்று சோதனைகளும் குளிர்ந்த இஞ்சினில் செய்யப்பட்டவை, செல்லாது, டிரைவர் எழுதிய புகார் ஒவ்வொரு வார்த்தையும் சரி. எங்கே காத்திருந்தது, யாருக்காக என்று எழுதவில்லை. கொடுத்த வாக்கு அது.

போக்குவரத்து அதிகாரி இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, காயிலோடு நிறுத்திக்கொள்ளலாமே, உன் ப்ரமோஷன் ஃபைலும் இதே மேஜையில்தான் இருக்கிறது என்று இந்தியில் மெதுவாகச் சொன்னார். எனக்கு நல்லதுதான் நினைத்தார். காயிலோடு நிறுத்தினால் முனுசாமியை எதை வைத்து நிரந்தரம் செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு எங்கே காத்திருந்தது என்று கேட்காமலே கையெழுத்துப் போட்டார். அவரும் சாப் வீட்டு மீனைப் பற்றி அறிந்தவர்தானோ என்னவோ.

எனக்கு மெமோ வந்தது, ஃபோர்மேன் பதவி மூன்று வருஷம் தள்ளிப்போனது. எஸ்தர் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கத்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்டேன், அதற்கு அவள் அப்படியே ஆச்சரியப்பட்டுப் போனாள். ஒன்பது வண்டிகளின் ஃபேன்களையும் பேட்டரிக்கு மாற்றிக் கொடுத்தேன். நான் முன்பு பயந்த மாதிரியே டிரைவர்கள் ஃபேன் போட்டுத் தூங்கினார்கள், வாரம் ஒரு பேட்டரி செத்தது. சார்ஜ் போட்டுக் கொடுத்து, வாய் நிறையத் திட்டினேன். ஆனால் ஒரு காயில்கூடக் கெடவில்லை.

ஆகஸ்டில் முனுசாமி நிரந்தரமானார். ஆர்டரை எடுத்துக்கொண்டு நேராக என் மேஜைக்கு வந்தார். எல்லோர் முன்னிலையிலும், தமிழில், என்னை மன்னிக்கணும் என்று சொன்னேன். இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு மாதமாக ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் அவசரமாகக் கையை ஆட்டினார், அதெல்லாம் எதுக்கு சார் என்றார். பிறகு திரும்பிப் போகப் பார்த்தவர் நின்று, மெதுவாகச் சொன்னார். கோபமே இல்லை அந்தக் குரலில்.

“மூணு வாட்டியும் இந்த மேஜைக்கு முன்னாடி வந்து நின்னேன் சார். நீங்க குனிஞ்சு எழுதிக்கினு இருந்தீங்க. ‘வேற எதனாச்சும் சொல்லணுமா’ன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா, அப்பவே எல்லாத்தையும் சொல்லியிருப்பேன்.”

எஸ்தரின் பேச்சு சுருக்கென்றது. இது வேறு மாதிரி இறங்கியது. மூன்று முறை அவர் வந்து நின்றது எனக்கு ஞாபகம் இருந்தது. பேனாவை மூடியதும் ஞாபகம் இருந்தது. அவர் முகம் மட்டும் ஞாபகம் இல்லை.

அதற்கப்புறம் பதினாறு வருஷம் அந்த மேஜையில் இருந்தேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், எதிரில் நிற்பவர் யாராக இருந்தாலும், அவருக்கு வருகிற பாஷையில் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டேன். பாதிப் பேர் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மீதிப் பேர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.